கூடத்துச் சுவரில் ஒரு ரயில்வேக்காரர்

அன்பு மகளுக்கு,

இங்கே உன் அப்பாவும் நானும் மாடிப்படி ஏறி இறங்குகிறோம், மாத்திரைகளை வேளைக்கு விழுங்குகிறோம், ஒருவரையொருவர் குறை சொல்லிக்கொள்கிறோம், ஆகவே சுகத்துக்குக் குறைவில்லை. அங்கே நீயும் மாப்பிள்ளையும் குட்டிப் பயலும் எங்களைவிட ஒரு படி மேலாகவே இருக்க வேண்டும். கையில் போன் இருக்கும்போது அம்மா எதற்குத் தாளையும் பேனாவையும் எடுத்தாள் என்று நினைப்பாய். போனில் சொன்னால் நீ பாதியில் சிரிப்பாய், இல்லாவிட்டால் பாதியில் அழுவாய், இரண்டுக்குமே எனக்குப் பொறுமை கிடையாது. போதாக்குறைக்கு, நான் போனை எடுத்தால் உன் அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்து என்னவாம் என்னவாம் என்று கேட்டுக்கொண்டே இருப்பார். இது அவரைப் பற்றிய விஷயம். இந்தக் கூத்தையெல்லாம் ஆரம்பித்து வைத்தவள் நீ என்பதால் ஒரு வரி விடாமல் படிக்கிற தண்டனையும் உனக்குத்தான்.

ஆறு மாதத்துக்கு முன் ஒரு கேள்விப் பட்டியல் அனுப்பினாயே, ஞாபகம் இருக்கிறதா? குடும்ப வரலாற்றைத் திரட்டப் போகிறேன், பழைய படங்களைப் பத்திரப்படுத்தப் போகிறேன், பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும் என்று. பெரியவர்கள் இருக்கும்போதே என்றால் என்ன அர்த்தம், நாங்கள் என்ன மூட்டை கட்டிக்கொண்டா உட்கார்ந்திருக்கிறோம்? அதுவும் என்ன கேள்விகள். தாத்தாவின் வாழ்நாள் கனவு என்ன? அவர் பிள்ளைகளுக்கு விட்டுச்சென்ற லட்சியங்கள் என்ன? அந்த மனுஷர் முப்பத்தைந்து வயதில் காய்ச்சலில் போனவர். மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவர் கனவு காணும் அளவுக்கு நிம்மதியாகத் தூங்கினாரா என்பதே எனக்குச் சந்தேகம். நான் அந்தப் பட்டியலை அப்படியே மூடி வைத்துவிட்டேன். ஆனால் நீ அதைக் குடும்பக் குரூப்பில் வேறு போட்டிருந்தாய். அது போதாதா உன் ஜட்ஜ் பெரியப்பாவுக்கு? முப்பத்தைந்து வருஷம் கோர்ட்டில் டைப்பிஸ்டாக இருந்து, யாரோ எழுதிய தீர்ப்பையெல்லாம் தட்டித் தட்டி, கடைசியில் அத்தனையும் தானே எழுதியது என்று நம்பிவிட்ட மனிதர் அவர். இது சின்னப் புள்ளைங்க விளையாட்டு இல்ல, முறையா ஒரு நூலா வரணும் என்று அன்றைக்கே அறிவித்துவிட்டார். நூலுக்குத் தலைப்பும் அன்றைக்கே ரெடி. 'ஒளிவிளக்கின் வழித்தோன்றல்கள்.' இதில் ஒளிவிளக்கு உன் தாத்தா. வழித்தோன்றல்கள் யார் என்று பார்த்தால், மின்சாரம் போனால் மெழுகுவத்தி எங்கே இருக்கிறது என்று தெரியாமல் தடுமாறுகிற நாங்கள்.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தவறாமல் நம் வீட்டுக் கூடத்தில் கூட்டம். ஏன் நம் வீடு என்றால் தாத்தாவின் படம் நம் வீட்டுச் சுவரில்தான் மாட்டியிருக்கிறது, அவர் முன்னிலையில் நடக்க வேண்டுமாம். டீ போடுவது யார் என்று வரலாற்றில் எழுதமாட்டார்கள், அதை நீ குறித்துக்கொள். பெரியப்பா நாற்காலியில் உட்கார்ந்து கேள்வி கேட்பார், வாய் ஓயாத உன் ரேடியோ அத்தை பதில் சொல்வாள், பெரியப்பாவின் மருமகள் மடிக்கணினியை வைத்துக்கொண்டு தட்டுவாள். அந்தப் பெண் ஏதோ விளம்பரக் கம்பெனியில் பக்கம் வடிவமைக்கிறவள், வாயைத் திறந்து பேசி நான் அதுவரை கேட்டதில்லை. உன் அத்தையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். தாத்தா செத்தபோது அவளுக்கு ஆறு வயது, ஆனால் அறுபது வயது ஆள் பார்த்த அளவுக்குப் பார்த்திருக்கிறாள். மழையில் நனைந்த பிச்சைக்காரனுக்கு அப்பா தன் சட்டையைக் கழற்றிக் கொடுத்தார் என்று ஒரு வாரம் சொன்னாள். போன வருஷம் மாப்பிள்ளையிடம் சொன்னபோது அது குடையாக இருந்தது. அதற்கு முன் அதே கதையை என்னிடம் சொன்னபோது கொடுத்தவர் அவளுடைய மாமனார். பெரியப்பா எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டு, சட்டை குடையைவிட உருக்கமா இருக்கு, சட்டைன்னே போடும்மா என்று மருமகளிடம் சொன்னார். இப்படித்தான் உன் குடும்ப வரலாறு வளர்ந்தது.

படங்களின் கதை இன்னும் அழகு. ஆளாளுக்குப் பெட்டியைத் திறந்து கொண்டுவந்து கொட்டினார்கள், இருநூறு படமாவது இருக்கும். ஒன்றிலாவது பின்னால் பெயர் எழுதியிருக்க வேண்டுமே. 'நானும் அவளும்' என்று ஒன்று. எந்த நான், எவள்? 'பெரியவன் முதல் பல்' என்று ஒன்று, அதில் இருக்கிற குழந்தையின் வாய் இறுக்கி மூடியிருக்கிறது. 'போன வருஷம் எடுத்தது' என்று ஒன்று. முப்பது வருஷம் ஆஸ்பத்திரி ரெக்கார்டு ரூமில் வேலை பார்த்தவள் நான். பெயர், வயது, தேதி இல்லாமல் ஒரு காகிதத்தை அலமாரியில் நான் வைத்ததில்லை, ஒருவர் காலில் போட வேண்டிய மாவுக்கட்டை இன்னொருவர் காலில் போட என்னால் நேர்ந்ததில்லை. அப்படிப்பட்டவள் உட்கார்ந்து, மீசையை வைத்து மாமாவா சித்தப்பாவா என்று இவர்கள் ஓட்டுப் போட்டு முடிவு செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ரொம்ப ஏளனமாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த ஏளனத்துக்கு எனக்கு யோக்கியதை இருக்கிறதா என்பதைக் கொஞ்ச நேரத்தில் நீயே தெரிந்துகொள்வாய்.

பிறகுதான் உன் புண்ணியத்தில் அது நடந்தது. கூடத்துச் சுவரில் இருக்கிற தாத்தாவின் பெரிய படத்தை அப்பாவை விட்டுப் போனில் எடுக்கச் சொல்லி வாங்கி, ஏதோ ஒரு மென்பொருளில் போட்டுத் தூசி தட்டி, கலர் கொடுத்து, பளபளவென்று குரூப்பில் திருப்பி அனுப்பினாயே. கூடவே, தாத்தா யூனிஃபார்ம்ல இருக்காரே, யாராச்சும் கவனிச்சீங்களா, பட்டன்ல ரயில் சக்கரம் மாதிரி இருக்கு பாருங்க என்று ஒரு வரி. நாற்பது வருஷமாக அந்தப் படம் பழுப்பேறி நிம்மதியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. பொத்தான் இருப்பதே யாருக்கும் தெரியாது. நீ தெரிய வைத்தாய். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா வந்து நின்று அந்தப் படத்தைப் பார்த்த பார்வை இருக்கிறதே, ஏதோ புதையலைப் பார்ப்பதுபோல. எனக்கு எப்பவோ தெரியும், அப்பா ரயில்வேல பெரிய பொறுப்புல இருந்தவரு, அம்மா வெளிய சொல்லக்கூடாதுன்னு சொன்னதால நான் வாயத் தெறக்கல என்றார். அவருக்கு என்ன தெரியும்? ஐந்து வயதிலேயே படிப்புக்காகத் தாய்மாமா வீட்டில் கொண்டுபோய் விடப்பட்டவர். அப்பாவை வருஷத்துக்கு ஒரு தரம் லீவில் பார்த்தவர். அப்பா சாகும்போது ஒன்பது வயது. அவரைச் சொல்லியும் குற்றமில்லை, எனக்குத் தெரியாது என்ற ஒரு வாக்கியத்தை அவர் பிறந்ததிலிருந்து டைப் அடித்ததில்லை.

அதற்குப் பிறகு ஒளிவிளக்கு ரயில் என்ஜின் விளக்காகிவிட்டது. மூன்றாம் அத்தியாயம் முழுக்க ரயில்வே. 'அந்தக் கண்களில் தெரியும் கண்டிப்பு, ஆயிரம் பயணிகளின் உயிரைக் காத்த கண்டிப்பு' என்று ஒரு வாக்கியம். உன் அத்தைக்கு உடனே ஞாபகம் வந்துவிட்டது, அப்பா கையில் பச்சைக்கொடி இருந்ததாம், அதை வைத்துத்தான் தனக்கு விளையாட்டுக் காட்டுவாராம். இன்னொரு வாரம் தண்டவாளத்தில் கிடந்த பாறாங்கல்லை ஒற்றை ஆளாகப் புரட்டித் தள்ளி ஒரு விபத்தைத் தடுத்தார். குரூப்பில் உன் வயதுப் பிள்ளைகள் ஆளுக்கொரு நாட்டிலிருந்து இதயம் இதயமாக அனுப்பினார்கள். நீயும் அனுப்பினாய், நான் பார்த்தேன். உன் பயலுக்குத் தாத்தா தாடை அப்படியே வந்திருக்கு என்று ஒரு படத்தைப் பக்கத்தில் வைத்து வேறு போட்டாய்.

இதில் உன் அப்பா எங்கே என்று கேட்பாய். அவர் எப்போதும்போல ஓரத்தில். லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவருக்கு, மேலே போகிறவர்களையும் கீழே போகிறவர்களையும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தே பழக்கமாகிவிட்டது. தாத்தா போனபோது உன் அப்பாவுக்கு நாலு வயது. அவரிடம் தாத்தாவைப் பற்றி ஒரே ஒரு ஞாபகம்தான் உண்டு. உன்னிடம் சொன்னாரோ என்னவோ. அவருடைய அப்பாவின் விரல்கள் கறுப்பாக இருக்குமாம். வேலை முடிந்து வந்து குழாயடியில் மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவாராம், அப்படியும் நகக்கண்ணில் கறுப்பு நிற்குமாம். கழுவுவதற்கு முன் இவரைக் கூப்பிட்டு, கட்டைவிரலை இவர் முழங்கையில் அழுத்தி எடுப்பாராம், அதில் ரேகை ரேகையாகக் கறுப்பு பதியுமாம், அதைப் பார்த்து இரண்டு பேரும் சிரிப்பார்களாம். அவ்வளவுதான். முகம் ஞாபகமில்லை, குரல் ஞாபகமில்லை. கல்யாணமான புதிதில் என்னிடம் சொன்னார். பிறகும் எப்போதாவது, ஏதாவது ஒரு தனிமையான நேரத்தில், அது மைதானே, நீ என்ன நெனைக்கிற என்று கேட்பார். இந்த நாற்பது வருஷத்தில் ஐந்து தடவை கேட்டிருப்பார். ஐந்து தடவையும் நான் இருக்கும் என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன்.

இந்தப் புத்தகத்துக்காக அவரும் அதை ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தார். மூன்று நாள் உட்கார்ந்து, அடித்து அடித்து எழுதினார். பெரியப்பா வாங்கிப் படித்துவிட்டு முதலில், மை இல்லடா, அது என்ஜின் கரி என்றார். அடுத்த வாரம் அதுவும் சரிப்படவில்லை, இவ்வளவு பெரிய உத்தியோகத்துல இருந்தவரு கரி அள்ளுவாரா, படிக்கிறவன் என்ன நெனப்பான் என்று சிவப்புப் பேனாவை எடுத்து அந்தப் பக்கம் முழுவதிலும் குறுக்காக ஒரு கோடு போட்டு, ஓரத்தில் 'சிறுவயதுக் கற்பனை' என்று எழுதித் திருப்பிக் கொடுத்தார். உன் அப்பா தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். மறுநாள் மத்தியானம் நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தபோது சமையலறை வாசலில் வந்து நின்று, நாலு வயசுல என்ன தெரியும், நான்தான் ஏதோ தப்பா நெனச்சுட்டு இருந்திருக்கேன் போல என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அந்தச் சிரிப்பைப் பார்த்துவிட்டு நான் கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். ஏனென்றால் அது மைதான். அது மைதான் என்று இந்த உலகத்தில் நிச்சயமாகத் தெரிந்த ஒரே ஆள் நான்.

இனி நான் சொல்லப்போவதை நின்று படி. சுவரில் இருக்கிறவர் உன் தாத்தா இல்லை. நீ என் வயிற்றில் ஐந்து மாதமாக இருந்தபோது நாங்கள் இந்த வீட்டுக்குக் குடிவந்தோம். கூடத்தில் மாட்ட வேண்டும் என்று என் மாமியார், அதாவது உன் பாட்டி, பெட்டியிலிருந்து தாத்தாவின் படத்தை முதல்முறையாக வெளியே எடுத்தார். தீப்பெட்டி அளவுதான் இருக்கும். அந்த அம்மாள் அதை யாருக்கும் காட்டியதே இல்லை, பிள்ளைகள் வளர்ந்த பிறகும் தொட விட்டதில்லை. அதைப் பெரிது பண்ணி பிரேம் போட்டு வாங்கிவர என்னிடம் கொடுத்தார். பஸ்ஸில் ஒரு மணி நேரம் எனக்கு வேறு வேலை இல்லை, அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டு போனேன். உருண்டை முகம், ஒரு காது விடைத்துக்கொண்டு, தும்மல் வரப்போகிறதுபோலப் பாதி மூடிய கண். எனக்குப் பிடித்திருந்தது. திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் ஒரு அச்சகத்தின் ரப்பர் முத்திரை, அதன் கீழே அச்சுக் கோப்பவர் என்று பேனாவால் எழுதியிருந்தது. அச்சகத்து அடையாள அட்டைக்காக எடுத்த படம். அச்சகத்தில் எழுத்துப் பொறுக்கிக் கோக்கிற வேலை என்பதைத் தன் அண்ணன் வீட்டார் முன்னால் சொல்ல என் மாமியாருக்குக் கூச்சம். அதனால்தான் பிள்ளைகளிடம்கூடக் கம்பெனியில் உத்தியோகம் என்றே சொல்லி வளர்த்தார். இதெல்லாம் எனக்கு அந்த பஸ்ஸில்தான் புரிந்தது.

ஒரு வாரம் கழித்துப் போனேன். கடைக்காரர் செய்தித்தாளில் சுற்றித் தயாராக வைத்திருந்தார். வீட்டுக்கு வந்து பிரித்தால் வேறு யாரோ. நீள முகம், கோட்டு, முறுக்கிய மீசை, என்னை ஏதோ திருடிபோலப் பார்க்கிறார். உறைக்குள் இருந்த சின்னப் படமும் அவருடையதுதான். நான் அதைத் திரும்பச் சுற்றுவதற்குள் மாமியார் வந்து கையில் வாங்கிவிட்டார். கண்ணில் புரை வந்து அவருக்கு அப்போதே பாதிப் பார்வை. தடவிப் பார்த்துவிட்டு, பெரிசு பண்ணதும் முகத்துல ஒரு களை வந்துடுச்சு என்றார். மறுநாளே கடைக்கு ஓடினேன். அந்த மகராசன் முதலில், சின்னப் படத்த பெரிசு பண்ணா முகம் கொஞ்சம் முன்னப்பின்ன ஆகும்மா என்றான். நான் அந்தச் சின்னப் படத்தை மேஜைமேல் வைத்த பிறகு தலையைச் சொறிந்துகொண்டு நோட்டை எடுத்தான். அந்த நோட்டை நீ பார்த்திருக்க வேண்டும். பெயர் இல்லை, விலாசம் இல்லை. 'தாத்தா, பெரிசு, 1.' அதன் கீழே 'தாத்தா, பெரிசு, 1.' பக்கம் முழுக்கத் தாத்தாக்கள். எங்கள் தாத்தாவை யாரோ வெளியூர்க்காரர்கள் முதல்நாளே வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். அவங்க பாத்துட்டுத் திரும்பி வருவாங்க, அப்ப சொல்றேன் என்றான். வரவே இல்லை. அவர்களும் நம்மைப்போன்ற குடும்பம் போலிருக்கிறது. வயிற்றைத் தூக்கிக்கொண்டு மூன்று தடவை போய்க் கேட்டேன். பிரசவம் முடிந்து போனபோது அங்கே செருப்புக்கடை இருந்தது. எங்கேயோ ஒரு வீட்டில் அச்சுக் கோக்கிற உன் தாத்தா ரயில்வே அதிகாரியாகத் தொங்கிக்கொண்டிருக்கிறார், அவரைப் பார்த்து யாரோ ஒரு பெரியப்பா கண்களில் தெரியும் கண்டிப்பு என்று எழுதிக்கொண்டிருப்பார்.

ஏன் சொல்லவில்லை என்றால், அதற்கு ஒரு மாதம் முன்னால் மாமியாரின் பீங்கான் கோப்பை ஒன்றை நான் கைதவறி உடைத்திருந்தேன். எட்டு நாள் என்னோடு பேசவில்லை. ஒரு கோப்பைக்கு எட்டு நாள் என்றால் புருஷனைத் தொலைத்ததற்கு எத்தனை நாள் என்று யோசித்துப் பார்த்தேன், வாயை மூடிக்கொண்டேன். உன் அப்பா அந்தப் படத்தின் முன்னால் நின்று, இதுதான் அப்பாவா என்று சொல்லி ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பெரியப்பா வந்து பார்த்து, அப்பாவேதான் என்று முத்திரை குத்தினார். பிறகு நான் என்ன சொல்ல? இவருக்கு ஒரு அப்பா கிடைத்துவிட்டார், அதைப் போய்ப் பிடுங்குவானேன் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உனக்கு நாலு வயதானபோது ரெக்கார்டு ரூமில் வேலைக்குச் சேர்ந்து, ஒவ்வொரு உறையிலும் இரண்டு தடவை பெயரைச் சரிபார்த்து வைத்தேன். மேலதிகாரி என்னைப் பாராட்டிக் கேடயம்கூடக் கொடுத்தார்.

போன ஞாயிற்றுக்கிழமை கடைசிக் கூட்டம். வியாழக்கிழமை புத்தகம் அச்சுக்குப் போவதாக ஏற்பாடு, அட்டை மட்டும் ஏற்கெனவே அச்சாகி வந்துவிட்டது, அதில் மீசையோடு ரயில்வேக்காரர். பெரியப்பா எழுந்து நின்று மூன்றாம் அத்தியாயத்தை வாசித்தார். பாறாங்கல் வரைக்கும் பொறுத்திருந்தேன். அப்புறம் டீத் தட்டைக் கீழே வைத்துவிட்டு, மாமா நிறுத்துங்க, அது உங்க அப்பா இல்ல என்றேன். பஸ், முத்திரை, கடை, நோட்டு, கோப்பை என்று அத்தனையும் சொன்னேன். நாற்பது வருஷமாக என் துணிகளுக்கு அடியில் வைத்திருந்த உறையை எடுத்து அந்த ரயில்வேக்காரரின் சின்னப் படத்தைக் கொடுத்தேன். அதன் பின்னால், 'அன்பு அக்காவுக்கு, பதவி உயர்வு பெற்ற நாளில் எடுத்தது' என்று எழுதியிருக்கிறது. அதைப் படித்தாலாவது உறைக்கும் என்று பார்த்தேன். பெரியப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்துவிட்டு, பதவி உயர்வு, நான் சொல்லல என்கிறார். உங்கப்பாவுக்கு அக்காவே கிடையாதே மாமா என்றேன். நமக்குத் தெரியாம இருந்திருக்கலாம்மா, அதையும் ஆராயணும் என்றார். ஆராய்வாராம். இல்லாத அத்தைக்கு ஒரு அத்தியாயம் எழுதக்கூடத் தயாராக இருந்தார். உன் ரேடியோ அத்தை ஓவென்று அழ ஆரம்பித்து, அப்ப நான் நாப்பது வருஷமா கஷ்டத்தச் சொல்லி அழுதது யாருகிட்ட என்றாள். அழுது முடித்துவிட்டு, யாரா இருந்தா என்ன, சொன்னதெல்லாம் நடந்துச்சே என்று மூக்கைச் சிந்தினாள். அந்தக் கணினி மருமகள் மட்டும் நான் தட்டை எடுக்கப் போனபோது பின்னாலேயே சமையலறைக்கு வந்து, சின்னத்தை, தாத்தாவோட இறப்புச் சான்றிதழ ஸ்கேன் பண்ணப்பவே அச்சகத் தொழிலாளின்னு பாத்தேன், மாமாகிட்ட யாரு சொல்றது என்று கிசுகிசுத்தாள். அவளைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யார்மேல் என்று கேட்காதே.

திரும்பிக் கூடத்துக்கு வந்தால் உன் அப்பா நாற்காலியைப் போட்டு ஏறி, படத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முகத்தைப் பார்த்துக்கொண்டே, முத்திரைக்குக் கீழ என்ன எழுதியிருந்துச்சு என்று கேட்டார். சொன்னேன். மறுபடி சொல்லு என்றார். அச்சுக் கோப்பவர் என்று மறுபடி சொன்னேன். படத்தைப் பக்கத்தில் சாய்த்து வைத்தார். சட்டைப்பையிலிருந்து அந்த மடித்த தாளை எடுத்து நீவினார். இந்த அறுபத்தெட்டு வயது வரை அவர் அண்ணனை எதிர்த்து ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. அண்ணே, அது மை என்றார். சத்தமாகக்கூட இல்லை. பெரியப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். கரி இல்ல, கற்பனை இல்ல, மை என்று இன்னொரு தரம் சொன்னார். மருமகள் எழுந்து வந்து அவர் கையிலிருந்து தாளை வாங்கிக்கொண்டு போய், மாமனாரை நிமிர்ந்தே பார்க்காமல், தட்ட ஆரம்பித்தாள்.

பெரியப்பா திருந்திவிட்டார் என்று கனவு காணாதே. அச்சான அட்டையை வீணாக்க அவருக்கு மனசு வரவில்லை. இரண்டு நாள் யோசித்து, ரயில்வேக்காரரைக் 'குடும்ப நண்பர்' ஆக்கிவிட்டார். பாறாங்கல்லைப் புரட்டிய நண்பர் நமக்கெல்லாம் வழிகாட்டியாக இருந்தாராம். மூன்றாம் அத்தியாயத்தில் அப்பா என்று வந்த இடமெல்லாம் நண்பர் என்று மாற்றியதோடு சரி. உன் அத்தைக்கும் அந்த நண்பர் பச்சைக்கொடி காட்டியது ஞாபகம் வந்துவிட்டது. ஆனால் உன் அப்பாவின் பக்கம் கோடு இல்லாமல் உள்ளே போயிருக்கிறது. தாத்தாவின் படம் வர வேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லாமல் விட்டிருக்கிறாள் அந்தப் பெண். கேட்டதற்கு, இல்லாததுக்கு நான் எதப் போட மாமா என்றாளாம். வாய் வந்துவிட்டது அவளுக்கு.

உன் அப்பா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் நாலு திட்டித் தீர்த்திருப்பேன். அன்று சாயங்காலம், நான் அஞ்சு தடவ கேட்டேனே என்று மட்டும் சொன்னார். எண்ணி வைத்திருக்கிறார் பார். அவர் நல்லதுக்குத்தான் மறைத்தேன் என்று இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். என்ன நல்லது? மாமியாருக்குப் பயந்தேன், அவ்வளவுதான். அந்த அம்மாள் போய்ப் பன்னிரண்டு வருஷமாகிறது, அதற்குப் பிறகும் பயந்தேன் என்றால் யாருக்கு என்று எனக்கே தெரியவில்லை. பெரியப்பா தெரியாததைத் தெரியும் என்றார், உன் அத்தை நடக்காததை நடந்தது என்றாள், நான் தெரிந்ததையே தெரியாது என்றேன். மூன்று பேரில் மோசம் நான்தான். ஆகவே உன் குடும்ப வரலாற்றில் மற்றதையெல்லாம் எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள், இதை மட்டும் நான் சொல்கிறபடி எழுது. தாத்தா அச்சுக் கோத்தவர். அவர் விரலில் மை இருந்தது. அதற்குச் சாட்சி அவருடைய சின்ன மகன். அவர் படத்தைத் தொலைத்தது இந்த வீட்டு மருமகள், தொலைத்ததைச் சொல்லாமல் இருந்ததும் அவளே. தேதி போட்டு, அம்மா சொன்னது என்று போடு. அந்தக் கலர் படத்தை எல்லா இடத்திலிருந்தும் எடுத்துவிடு, மறந்துவிடாதே, குரூப்பில் போட்ட தாடையையும் சேர்த்து.

இதை எழுத உட்கார்வதற்கு முன் உன் அப்பா பக்கத்தில் வந்து, அப்பாவ நல்லாப் பாத்த ஒரே ஆளு இப்ப நீதான், அவரு என்ன மாதிரி இருந்தாரா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்ல வாய் வரை வந்துவிட்டது. ஒரு வார்த்தைதானே, அந்த மனுஷர் முகம் எப்படி மலர்ந்திருக்கும். ஆனால் காது, கண் என்று நான் வாயால் சொல்கிறேனே தவிர, அந்த முகம் எனக்கு எழும்பி வரவே மாட்டேன் என்கிறது. கண்ணை மூடினால் மீசைக்காரர்தான் வந்து நிற்கிறார். எனக்குத் தெரியலைங்க, மறந்துபோச்சு, ஒரே ஒரு பஸ் பயணம்தானே என்றேன். அவர், பரவால்ல, ஒரு மணி நேரம் பாத்துட்டே போனேன்னு சொன்னியே, நான் அவ்வளவு நேரம் பாத்ததில்ல என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நீங்கள் மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல், மனசில் எதையும் மூடி வைக்காமல், நிறைவாக இருக்க வேண்டும். குட்டிப் பயலுக்கு என் முத்தங்கள். அடுத்த முறை அப்பாவோடு பேசும்போது, அவராகச் சொல்லாவிட்டாலும், விரலைப் பற்றி நீயே கேள்.

இப்படிக்கு,
உன்மேல் கோபம் இன்னும் முழுதாகத் தீராத
அம்மா